கசப்பு ரகம்

பாலம் அடித்துக்கொண்டு போன ஏழாம் நாள் விடிகாலையில், பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டகையில் அண்ணி கடைசி அரிசி மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள். இரண்டு கைப்பிடி விழுந்தது. அதிலும் பாதி தூசி.

“நானூறு பேருக்கு இது. ஆளுக்கொரு பருக்கை குடுத்துட்டு, நல்லா மென்னு சாப்பிடுங்கன்னு சொல்லட்டுமா?” என்றாள், யாரையும் பார்க்காமல்.

பக்கத்தில் அவளுடைய நாத்தனார் நின்றிருந்தாள். அவள் நின்றாள் என்று சொல்வதும் சரியில்லை. அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தாள். ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் அவளுக்கு முதுகில் எறும்பு ஊரும். ஊருக்கு வெளியே இருக்கும் ஸ்டார்ச் ஆலையில், சோதனை அறையில் அவளுக்கு வேலை. வருகிற மரவள்ளிக் கிழங்கில் எவ்வளவு மாவு தேறும், எவ்வளவு ஈரம், எவ்வளவு விஷம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். விஷத்தைப் பார்க்க மஞ்சள் நிறத்தில் ஒரு தாள் உண்டு. கிழங்கை நறுக்கிச் சின்ன புட்டியில் போட்டு, அந்தத் தாளை உள்ளே தொங்கவிட்டு மூடிவிட்டால், விஷத்துக்குத் தக்கபடி தாள் ஆரஞ்சாகும், செம்மண் நிறமாகும், கருத்தும் போகும். அந்தத் தாளை வைத்தே ஊர் அவளுக்கு மஞ்சத்தாள் என்று பெயர் வைத்துவிட்டது. அவளும் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கப் பழகிவிட்டாள்.

கிழக்கே பாலம் இல்லை. மேற்கே மலைச்சரிவு ரோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. போன் கோபுரம் சாய்ந்துவிட்டது. ஆலை மேனேஜரும், ஆலை லாரி ஓட்டும் அவளுடைய அண்ணனும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். இதில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. ஊரைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிழங்கு வயல். அத்தனையும் ஆலைக்குச் சொந்தம். ஊர் சாப்பிட்டதோ லாரியில் வந்த அரிசி. லாரி நின்றதும் ஒரு வாரத்தில் அடுப்பும் நின்றது.

“ஆலை வயலைத் திறந்துட வேண்டியதுதான்” என்று அன்று காலை பள்ளிக்கூட முற்றத்தில் எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள்.

“அது கசப்பு ரகம்” என்றாள் மஞ்சத்தாள். “உங்க வீட்டுக் கொல்லையில இருக்கிற மாதிரி இல்ல. இலை, தண்டு, தோலு எல்லாம் பாக்கிறதுக்கு அதேதான். ஆனா எலிகூடத் தொடாது. அதுக்காகத்தான் ஆலைக்காரங்க அதைப் போடறாங்க.”

“எலிக்கு என்ன, அதுக்கு வேற வழி இருக்கு” என்றார் சலூன்காரர். ஊரில் எந்தக் கூட்டமானாலும் முதல் வார்த்தையும் கடைசி வார்த்தையும் அவருடையதுதான். “எங்களுக்கு வேற வழி சொல்லு.”

“முதல்ல ஒரு சோதனை போட்டுப் பாத்துடறேன்” என்றாள்.

ஆலை வாசலில் வாட்ச்மேன் விறைப்பாக நின்றார். மேனேஜர் கையெழுத்து இல்லாமல் ஒரு இலையைக்கூட வெளியே விடமுடியாது என்றார். பிறகு கூட்டத்தில் தன் மனைவி நிற்பதைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாவி எங்கிட்ட இல்ல” என்றார் வாட்ச்மேன். “மேஜை மேல கிடக்கும் போல. எனக்கு அவசரமா ஒரு இடத்துக்குப் போகணும். வர அரை மணி ஆகும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம்.”

வாசலுக்குப் பக்கத்துப் பாத்தியில் மூன்று செடிகளைப் பிடுங்கினாள் மஞ்சத்தாள். கிழங்குகள் நல்ல தொடைக் கனம். நறுக்கி, புட்டியில் போட்டு, தாளைத் தொங்கவிட்டு, மூடியில் நேரத்தை எழுதினாள். காலை ஏழு. இருபத்துநாலு மணி நேரம் கழித்துத்தான் தாளைப் படிக்க வேண்டும். அதற்கு முன்னால் படிப்பது, பாதி வெந்ததை இறக்கிவைத்து ருசி பார்க்கிற மாதிரி. இது அவளுக்குத் தெரியும். பதினோரு வருஷமாகத் தெரியும்.

ஆனால் பன்னிரண்டு மணிக்குள் சோதனை அறை ஜன்னலில் முகம் முகமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“தாளு பழுத்துச்சா?” என்று சலூன்காரர் வெளியிலிருந்து கேட்டார்.

“நாளைக்குக் காலையில ஏழு மணிக்குத்தான் சொல்ல முடியும்.”

“நாளைக்கு நீ சொல்லுவே. கேக்கிறதுக்கு ஆள் இருக்கணுமே.”

நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்காதவர்கள்தான் அவளை அலைக்கழித்தார்கள். ஒரு கைக்குழந்தைக்காரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். குழந்தை அழக்கூட இல்லை. மஞ்சத்தாள் அறைக்குள் மேஜையைச் சுற்றி நடந்தாள். புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். வைத்தாள். மறுபடி தூக்கினாள். தாள் பரங்கிப் பூ நிறத்தில் இருந்தது. சுவரில் ஒட்டிய நிறப் பட்டியலில் அது நடுவில் ஒரு இடம். அவ்வளவு மோசமில்லை. இன்னும் கொஞ்சம் ஏறும். ஏறினாலும் எவ்வளவு ஏறிவிடப் போகிறது?

“தோலைத் தடிமனா சீவுங்க” என்றாள் ஜன்னலைத் திறந்து. “ரெண்டு தண்ணி மாத்தி நல்லா வேகவெச்சா போதும்.”

அவள் வாயை மூடுவதற்குள் ஜன்னல் காலியாகிவிட்டது. புட்டியை மேஜை மேலேயே விட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அவளும் மண்வெட்டியோடு ஓடினாள்.

அன்று சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். இரண்டு நாள் வெறும் கஞ்சித் தண்ணீரோடு கிடந்த பிறகு ஆவி பறக்கிற வெள்ளைக் கிழங்கும் உப்பும். லேசாகக் கசக்கிறது என்று ஒன்றிரண்டு பேர் சொன்னார்கள். “பசிக்கு அப்பாற்பட்ட நாக்கு உனக்கு” என்று அண்ணி அவர்கள் வாயை அடைத்தாள். அண்ணி எப்போதும் கடைசி ஆள். நானூறு பேர் எழுந்த பிறகு, அண்டாவின் அடியில் மிஞ்சியதை வழித்துச் சாப்பிடுவாள். அன்றும் அப்படித்தான். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு, மேட்டிலிருந்த மேல் வயலிலிருந்து கிழங்கு வந்தது. விறகு நனைந்திருந்ததால் இரண்டாவது தண்ணீரை மாற்றவில்லை. முதல் தண்ணீரிலேயே குழைந்துவிட்டது, போதும் என்று இறக்கிவிட்டாள்.

அன்று காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி நர்சம்மா ஆள் அனுப்பினாள். வாந்தி, தலைசுற்றல் என்று ஒன்பது பேர் வந்திருக்கிறார்களாம். சலூன்காரர் மனைவியும் அதில் ஒருத்தி. மஞ்சத்தாள் பாதி வழி போவதற்குள் பின்னாலிருந்து கூச்சல் கேட்டது. திரும்பி ஓடினாள். கொட்டகையில் அண்ணி அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். கையில் கரண்டி இருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

“ஒண்ணுமில்ல, தலை கனக்குது” என்று சொல்லப் பார்த்தாள் அண்ணி. வார்த்தை பாதியிலேயே நின்றுவிட்டது.

கதவுப் பலகை ஒன்றில் கிடத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். நர்சம்மாவிடம் ஒரே ஒரு ஆக்சிஜன் உருளை இருந்தது. அதை அண்ணிக்கு மாட்டினாள்.

“என்ன சாப்பிட்டாங்க?” என்று கேட்டாள்.

மஞ்சத்தாள் ஆலைக்கு ஓடினாள். சோதனை அறைப் பூட்டைத் திறந்தாள். புட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. மணி பத்தே முக்கால். இருபத்துநாலு மணி நேரம் தாண்டியிருந்தது. தாள் காய்ந்த ரத்த நிறத்துக்குப் போயிருந்தது.

அதுவும் வாசல் பாத்திக் கிழங்கு. தண்ணீர் நிற்கிற பள்ளத்து மண். மழைக்கு முன்னால் மூன்று மாசம் காய்ந்து கிடந்த மேல் வயலில் விஷம் இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். வறட்சியில் கிழங்குக்குக் கசப்பு ஏறும் என்று ஆலைக்கு வரும் புது ஆட்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவள் அவள். நேற்று அந்த ஞாபகமே வரவில்லை. வரவிடவில்லை என்பதுதான் நிஜம்.

அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் வேறு யாரும் இல்லை. கிழங்கைச் சரியாக வேகவைக்கவில்லை என்று சொல்லிவிடலாம். அண்ணியே அப்படித்தான் நினைப்பாள். இந்த நினைப்பு அவளுக்கு வந்தது. வந்ததை அவள் பின்னால் யாரிடமும் மறைக்கவில்லை. புட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள். அந்த ஊரில் அவள் ஓடாமல் நடந்த நடை அது ஒன்றுதான் இருக்கும்.

முற்றத்தில் மதியத்துக்கான கிழங்கு குவிந்திருந்தது. பத்துப் பெண்கள் சீவிக்கொண்டிருந்தார்கள்.

“கத்தியைக் கீழ வைங்க” என்றாள். “யாரும் இதைச் சாப்பிடக் கூடாது.”

“என்ன விளையாடறியா?” என்றாள் ஒருத்தி.

“நான் தப்பா சொல்லிட்டேன். இருபத்துநாலு மணி நேரம் பொறுத்துப் பாக்க வேண்டியதை அஞ்சு மணி நேரத்துல பாத்தேன். தாளு இன்னிக்கு இப்படி இருக்கு. இது வேகவெச்சா போற விஷம் இல்ல.”

பட்டென்று எல்லாக் கைகளும் நின்றன. அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சலூன்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர் கத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“என் பொண்டாட்டி அங்க குடலைப் புரட்டிப் புரட்டி வாந்தி எடுக்கிறா” என்றார். “நீ பாட்டுக்கு வந்து, தப்பா சொல்லிட்டேன்னு சொல்றே. சரி. இப்ப சொல்றது மட்டும் சரின்னு எப்படி நம்பறது?”

“நம்ப வேணாம்” என்றாள் மஞ்சத்தாள். “என்னை நம்பவே வேணாம். கிழங்கை ஆலை மெஷின்ல துருவணும். சாக்குல கட்டி, மேல கல்லு ஏத்தி, மூணு நாள் புளிக்க விடணும். தண்ணியெல்லாம் வடியணும். அப்புறம் திறந்த வெளியில வறுக்கணும். அப்பதான் போகும். வறுத்த ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு புட்டி போட்டு இந்தப் பள்ளிக்கூட வாசல்லயே வெக்கிறேன். நேரத்தை மேல எழுதி வெக்கிறேன். பக்கத்துல அந்த நிறப் பட்டியலையும் ஒட்டறேன். நான் படிக்க மாட்டேன். பெரிய டீச்சர் படிக்கட்டும். எல்லாரும் பாருங்க.”

“மூணு நாளா?” என்றது கூட்டம். நேற்று ஒரு ராத்திரி பொறுக்க முடியாதவர்களிடம் அவள் மூன்று நாள் கேட்டாள்.

பெரிய டீச்சர் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை. அதிகம் பேசமாட்டாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புட்டியை வாங்கிப் பார்த்தாள். “என் கடிகாரம் சரியா ஓடுது” என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு கேள்வி, செய்வதா வேண்டாமா என்பதிலிருந்து எப்படிச் செய்வது என்பதற்கு மாறிவிட்டது.

ஊர் மெக்கானிக், பஸ் நிலையத்தில் நின்றுபோன இரண்டு பஸ்களின் வயிற்றிலிருந்து டீசல் உறிஞ்சிக்கொண்டு வந்தான். மதியம் இரண்டு மணிக்கு ஆலையின் ஜெனரேட்டர் இருமியது, கனைத்தது, பிடித்துக்கொண்டது. துருவு மெஷின் ஓடத் தொடங்கியதும் தரை அதிர்ந்தது. சீவிய கிழங்கு ஒரு பக்கம் போக, வெள்ளைக் கூழ் மறுபக்கம் வந்து விழுந்தது. சாக்கில் அள்ளிக் கட்டினார்கள். அடுக்கி, மேலே பலகை போட்டு, கல் ஏற்றினார்கள். மெக்கானிக் லாரி ஜாக்கி இரண்டைக் கொண்டுவந்து உத்தரத்துக்கும் பலகைக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து இறுக்கினான். சாக்குகளிலிருந்து பால் மாதிரி தண்ணீர் ஒழுகியது.

“இந்தத் தண்ணிதான் விஷம். ஆடு மாடு வாய் வெச்சாலும் போயிடும்” என்றாள் மஞ்சத்தாள். வாட்ச்மேன் அந்த நொடியே தனக்கு வேலை எடுத்துக்கொண்டார். வடிகாலுக்குக் குழி வெட்டச் சொல்லி, அதன் தலைமாட்டில் தடியோடு நின்றார். வயல் கேட்டை விட்டுக்கொடுத்த மனுஷன் அந்தக் குழியை விட்டு மூன்று நாளும் நகரவில்லை.

மூன்று நாள் வயிறு என்ன செய்யும்? மஞ்சத்தாள் தெருத்தெருவாகப் போனாள். கொல்லையில் எது கிடந்தாலும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொன்னாள். வேலியோரம் யாரும் கவனிக்காமல் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கொடி, சாக்கடைப் பக்கத்துச் சேம்பு, குப்பைமேட்டில் தானாக முளைத்திருந்த இனிப்பு ரக மரவள்ளி நாலு செடி. இவ்வளவு நாளும் பன்றிக்கென்று விட்டது எல்லாம் கூடையில் வந்தது. பெரிய சுரங்கம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. விதைச் சேனை விற்கும் ஆள் வீட்டுப் பரணில் நூற்றிருபது கிழங்கு இருப்பது ஊருக்கே தெரியும்.

“கழுத்தை வேணா வெட்டிட்டுப் போ” என்றார் சேனைக்காரர். “விதையைத் தரமாட்டேன். இந்த வருஷம் தின்னுட்டா அடுத்த வருஷம் மண்ணையா திம்பீங்க?”

“மாமா, முழுசையும் கேக்கல. நடு முளையோட ஒரு கை அகலத் துண்டை நீங்களே வெட்டி வெச்சுக்குங்க. சாம்பல் தடவி வெச்சா அது விதைக்கு ஆகும். மிச்சம் எங்களுக்கு.”

அவர் முறைத்தார். அவர் அறியாத விஷயமல்ல இது. முழுக் கிழங்கை நட்டால் விளைச்சல் கூடும் என்ற ஆசைதான் குறுக்கே நின்றது. “துண்டு போட்டா கிழங்கு சிறுத்துடும்” என்றார், கொஞ்சம் இறங்கி.

“சிறுத்தா சிறுக்கட்டும். நீங்களும் சிறுத்துட்டுத்தானே வர்றீங்க.”

அவருடைய இடுப்பில் வேட்டி மூன்று சுற்று அதிகமாகச் சுற்றியிருந்தது. தலையை ஆட்டிக்கொண்டே ஏணியை எடுத்தார். ஒவ்வொரு முளைத் துண்டையும் தானே வெட்டினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. அந்தச் சேனை வாய் அரித்தது. அரிப்பைப் பற்றி ஒருவரும் குறை சொல்லவில்லை.

இத்தனைக்கும் நடுவில் மஞ்சத்தாள் மணிக்கொரு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒன்பது பேரில் எட்டுப் பேர் அன்று சாயங்காலமே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சலூன்காரர் மனைவி மறுநாள் கண் விழித்துத் தண்ணீர் கேட்டாள். அண்ணி மட்டும் கண்ணைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். ஆக்சிஜன் உருளையின் முள் கீழே இறங்கிக்கொண்டே இருந்தது.

“ஓடிட்டே இருக்காதே. எனக்குத் தலை சுத்துது” என்றாள் நர்சம்மா. “உக்காரு. இல்லன்னா வெளியில போ.”

வெளியில் போனாள். மூட்டைகளைப் போய்ப் பார்த்தாள். புளிப்பு வாடை வந்திருக்கிறதா என்று முகர்ந்தாள். மெக்கானிக்கிடம் ஜாக்கியை இன்னும் கால் சுற்று இறுக்கச் சொன்னாள். “இதுக்கு மேல இறுக்கினா உத்தரம்தான் வரும்” என்றான் அவன். திரும்ப ஆஸ்பத்திரி. அண்ணியின் கை குளிர்ந்திருந்தது. அண்ணனுக்கு என்ன பதில் சொல்வது என்று மனசு ஒரு பக்கம் ஓடியது. அண்ணி கல்யாணமாகி வந்த வருஷம், யாரும் கேட்காமலே இவளுக்கு எண்ணெய் வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. அந்த ஞாபகத்தோடு அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை.

இரண்டாம் நாள் மதியம் உருளை காலியாகிவிட்டது. நர்சம்மா குழாயைக் கழற்றினாள். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அண்ணியின் நெஞ்சையே பார்த்தார்கள். ஏறியது. இறங்கியது. ஏறியது.

“அடுப்புல யாரு?” என்றாள் அண்ணி, கண்ணைத் திறக்காமலே.

மஞ்சத்தாள் ஓவென்று அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து மணி நேரம், பரங்கிப் பூ நிறம், எல்லாம்.

“ரெண்டாவது தண்ணி மாத்தலை நான்” என்றாள் அண்ணி.

“மாத்தியிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும், அண்ணி. உங்க தப்பு இல்ல.”

“அப்ப உன் தப்புதான்.”

“ஆமா.”

“சரி. இந்தப் பக்கம் வா, தலையணையைத் தூக்கி வை. கழுத்து வலிக்குது.”

மன்னித்துவிட்டாளா இல்லையா என்று அதிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. தலையணையைத் தூக்கி வைத்தாள்.

மூன்றாம் நாள் முடிந்து மூட்டைகளைப் பிரித்தபோது கூழ் கட்டிதட்டி, சுண்ணாம்புக் கட்டி மாதிரி ஆகியிருந்தது. உதிர்த்து, சலித்து, ஆலையிலிருந்த அகலத் தகரங்களை வெட்டவெளியில் கல் அடுப்பில் ஏற்றி வறுத்தார்கள். ஆவியிலும் விஷம் இருக்கும் என்று, காற்று வீசும் பக்கம் யாரையும் நிற்கவிடவில்லை அவள். பொரபொரவென்று மணல் போல வறுபட்டு வந்தது. அந்த வாசனையில் தெரு முழுக்க வந்து சுற்றி நின்றது. யாரும் கை நீட்டவில்லை.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெஞ்சு. அதன் மேல் ஆறு புட்டிகள், ஆறு மஞ்சள் தாள்கள். பக்கத்தில் நிறப் பட்டியல். பெரிய டீச்சர் நாற்காலி போட்டுக் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள்.

மறுநாள் அந்த இருபத்துநாலு மணி நேரத்தில் பதினைந்தாவது மணியில் மஞ்சத்தாள் பெஞ்சுக்கு வந்தாள். ஐந்து தாள்கள் அப்படியே மஞ்சளாக இருந்தன. ஆறாவது லேசாக ஆரஞ்சு தட்டியிருந்தது. கீழ் வயலிலிருந்து வந்த ஐந்தையும் இப்போதே பிரித்துவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கைக்குழந்தைக்காரி எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

“டீச்சர், அஞ்சு நல்லாவே இருக்கு...”

“இன்னும் ஒம்போது மணி நேரம்” என்றாள் டீச்சர், கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த ஒன்பது மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாள் என்றால், ஆலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பதினெட்டுத் தடவை போய் வந்தாள். சலூன்காரர் தன் கடை வாசலில் உட்கார்ந்து அவள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டாவது தடவை ஒரு முக்காலியைத் தள்ளி வைத்தார். அவள் உட்காரவில்லை, ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

நேரம் ஆனதும் டீச்சர் எழுந்து, ஒவ்வொரு தாளையும் பட்டியலோடு ஒட்டிப் பார்த்து, சத்தமாகப் படித்தாள். ஐந்து, மஞ்சள். ஆறாவது, மேல் வயல் மூட்டை, செங்கல் நிறம். கூட்டத்தில் ஒரு முனகல். அந்த மூட்டையை மறுபடி நனைத்து, பிழிந்து, பரப்பிவைத்தார்கள். மீதி ஐந்து மூட்டையிலும் கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, அன்று நானூறு பேரும் சாப்பிட்டார்கள். புளிப்பாக இருந்தது. வயிற்றில் நின்றது. அன்றைக்கும் மறுநாளும் நர்சம்மா வாசலுக்கு யாரும் வரவில்லை.

அதன் பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் துருவினார்கள். பாலம் போய் இருபதாவது நாள், மேற்கு ரோட்டில் மண்ணைத் தள்ளி, முதல் லாரி வந்தது. ஓட்டிவந்தது அண்ணன்தான். அரிசி மூட்டைகளின் மேல் மேனேஜர் உட்கார்ந்திருந்தார்.

அண்ணன் நேரே அண்ணியிடம் போனார். மேனேஜர் நேரே வயலுக்குப் போனார். மூன்று ஏக்கர் காலி. தகரம் கருகிக் கிடந்தது. ஜாக்கி முட்டுக் கொடுத்த இடத்தில் உத்தரம் விரிந்திருந்தது. யார் கேட்டைத் திறந்தது என்று கேட்டார். வாட்ச்மேன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார். அதற்குள் மஞ்சத்தாள் “நான்தான் சோதனை போட்டேன், நான்தான் சொன்னேன்” என்றாள்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார். எழுதினாள். ஐந்து மணி நேரத்தில் தாளைப் படித்ததை முதல் வரியிலேயே எழுதினாள். மேனேஜர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார்.

“இதை எழுதாம இருந்திருக்கலாமே” என்றார்.

“சார், வயல் ஓரத்துல பத்து ஏக்கருக்கு இனிப்பு ரகம் போடலாம். எலி கொஞ்சம் தின்னும். மறுபடி ரோடு போச்சுன்னா ஊரு பிடுங்கித் திங்கலாம், யாருக்கும் ஒண்ணும் ஆகாது.”

“மேல கேக்கணும்” என்றார் அவர். “நீ ஒரு மாசம் வேலைக்கு வர வேணாம். அதுக்குள்ள பதில் வரும்.”

பதில் வரவில்லை. ஒரு மாசம் சும்மா இருக்க அவளால் முடியுமா? கொல்லை கொல்லையாகப் போய், பிடுங்காமல் மிஞ்சியிருந்த இனிப்பு ரகச் செடிகளைத் தேடினாள். ஒவ்வொரு செடியிலும் ஒரு கிழங்கை எடுத்து, பள்ளிக்கூட வாசலில் மிஞ்சியிருந்த புட்டியில் போட்டு, ஒரு நாள் முழுக்கப் பொறுத்து, மஞ்சளாக நின்ற செடியின் குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டாள். பெரிய டீச்சர் விளையாட்டு மைதானத்தின் பின்பக்கத்தைக் கொடுத்தாள். நடுவில் சர்க்கரைவள்ளிக் கொடி, அது நாலு மாசத்தில் வந்துவிடும். மரவள்ளிக்கு ஒன்பது மாசம் வேண்டும். சேனைக்காரர் தன் முளைத் துண்டுகளில் பத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் போனார். சலூன்காரர் மனைவி மட்டும் இன்னும் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தாள். அதற்கு அவள் ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணிக்கு அடிக்கடி தலைவலி வந்தது. கிழங்கு எதையும் அவள் வாயில் வைக்கவில்லை. வீட்டில் யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் சாயங்காலங்களில் மைதானத்துக்கு வந்து ஒரு கல் மேல் உட்கார்ந்து, நாத்தனார் வரிசை வரிசையாகக் குனிந்து மண்ணை விலக்கிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“தினம் தோண்டித் தோண்டிப் பாத்தா அது எப்படிடி முளைக்கும்? கையை எடு” என்றாள், குச்சிகளை நட்ட எட்டாம் நாள்.

பன்னிரண்டாம் நாள் வடக்கு வரிசைகளில் முப்பது குச்சிகளுக்குமேல் துளிர் விட்டிருந்தது. தெற்கு வரிசையை யாருடைய ஆடோ மேய்ந்துவிட்டுப் போயிருந்தது. வேலிக்கு முள் வெட்ட ஆள் வேண்டும் என்று அவள் வாட்ச்மேனைத் தேடிக்கொண்டு போனாள்.